வேர் பிடித்ததா

ஏற்காட்டில் ஆர்க்கிட் வளர்க்கும் லூர்துமேரிக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் சீடராகச் சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வாத்தியார்களை நடுங்க வைத்த மனிதரை ஒரு கட்டைவிரல் அகலச் செடி படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மண் கேட்காத செடி அது. மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு காற்றிலும் பனியிலும் பிழைப்பது. பூத்தால் பூ மிளகு அளவுதான். அதை ஒரு முறையாவது தன் வீட்டு ஜன்னலில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் இரண்டு செடிகளைக் கொன்றாயிற்று. மூன்றாவதைக் காப்பிச் செடியின் கட்டை ஒன்றில் வெள்ளை நூலால் கட்டிக் கொடுத்தபோதே அவள் சொல்லிவிட்டாள்: "இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க சார்."

இப்போது அதுவும் சுருங்கிக்கொண்டிருந்தது. கட்டையைக் கொண்டுவந்து அவள் வீட்டு மேசையில் வைத்தார். கூடவே ஒரு நோட்டையும் வைத்தார்.

"எல்லாம் எழுதியிருக்கேன், பாரும்மா. காலைல ஆறு மணிக்குத் தண்ணி தெளிச்சேன். வெயில் படாம வச்சேன். ஊரே சிரிக்கிற மாதிரி அதுக்கு ஃபேன் போட்டேன். நாலு மாசம் ஆச்சு, ஒரு வேர்கூட பட்டையைப் பிடிக்கலை. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

அவள் நோட்டைத் தொடவில்லை. கட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உயிர் இருக்கு. ஆனா நான் கட்டினது வெள்ளை நூலு. இது நீலமா இருக்கே?"

"அது இத்துப் போச்சு. அவுத்து அவுத்துக் கட்டினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"எதுக்கு அவுத்தீங்க?"

"வேர் பிடிச்சிருக்கான்னு பாக்க வேண்டாமா? தினம் அவுத்துப் பாப்பேன். பாத்துட்டு அலுங்காம பழையபடி கட்டிடுவேன். அதையும் நோட்டுல எழுதியிருக்கேன்."

லூர்துமேரி உள்ளே போய்க் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

அவர் மறுபடி தூக்கினார். அவள் மறுபடி வாங்கினாள், பார்த்தாள், கொடுத்தாள்.

மூன்றாம் முறையும் டம்ளர் கையை விட்டுப் போனபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. பழைய இன்ஸ்பெக்டர் குரல் வந்தது.

"என்னம்மா விளையாட்டு இது? மனுஷனைக் குடிக்க விடுவியா மாட்டியா?"

"குடிச்சிட்டீங்களான்னுதான் பாத்தேன் சார்."

மாசிலாமணி மேசையிலிருந்த கட்டையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த நீல நூல்கண்டை எடுத்து, அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.