சுருட்டிய வானம்

"டீச்சர், மூலையில எல்லாம் நட்சத்திரத்துக்கு மறுபடி றெக்கை முளைச்சிருச்சுங்க."

வேலப்பன் படத்தை மேசையில் விரித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொல்லிமலையில் இரவு வானத்தைப் படமெடுக்கக் கற்றுத்தரும் ஹெப்சிபாவுக்கு அவர் மகள் வயதுதான்.

படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் ஊசியால் குத்தியதுபோல் இருந்தன. ஓரம் போகப் போக இழுபட்டு, மூலையில் கொக்குகளாய்ப் பறந்தன.

"லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கிப் பார்த்தீங்களா?"

"ரெண்டு படி குறைச்சேன். கொக்கு குருவியாச்சு. றெக்கை போகலை."

"அப்ப ஓரத்தை வெட்டிருங்க."

"வானத்தை வெட்டறதா? முழுசா ஒரே படத்துல வேணுங்க. அதுக்குத்தானே இவ்வளவு அகலமான லென்ஸு!"

"யாருக்கு?"

"வீட்டுல... மரகதத்துக்கு."

அவர் குரல் இறங்கியது. பொழுது சாய்ந்தால் அவர் மனைவி மரகதத்துக்குக் கண் தெரியாது. நட்சத்திரம் பார்த்துப் பதினோரு வருஷம். பகலில், சுவரில் மாட்டிக் காட்டிவிடலாம் என்றுதான் இந்தப் பாடு. பகல் பார்வையும் இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பகல்ல அவங்களுக்கு எவ்வளவு தெரியுது?"

வேலப்பன் இரண்டு விரலை வளைத்து வட்டம் காட்டினார். "நடுவுல இவ்வளவு. சுத்தி இருட்டு."

ஹெப்சிபா படத்தை எடுத்தாள். பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டினாள்.

"ஐயோ, கசங்கிரும் டீச்சர்!"

"வெளிய வாங்க. ஒரு கண்ணை மூடிட்டு இதுக்குள்ள பாருங்க."

வாசலில் அப்போதுதான் இருட்டியிருந்தது. குழலுக்குள் ஒரே ஒரு நட்சத்திரம். றெக்கை இல்லை. லேசாக நகர்த்தினார். இன்னொன்று. அண்ணாந்தபடியே ஓரடி வைத்தார்.

காலில் இடித்துப் பூந்தொட்டி உருண்டது.

வேலப்பன் குழலை இறக்கவில்லை.

"தினமும் இப்படித்தான் இடிச்சுக்குவா. பார்த்து வரத் தெரியாதான்னு வைவேன்."

ஹெப்சிபா உள்ளே போய், வானத்தில் ஒரு கையளவு மட்டுமே பிடிக்கும் நீள லென்ஸைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

"துண்டு துண்டாத்தான் விழும். ஒவ்வொண்ணா எடுத்து, ஓரத்தை விட்டுட்டு, நடுவை மட்டும் ஒட்டிக்கிட்டே போகணும்."

"எந்தத் துண்டை முதல்ல எடுக்கறது?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

வேலப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மரகதம்... வானத்துல உனக்கு முதல்ல எதைப் பார்க்கணும்?"