போலியைத் தேடிய சன்னாசி

“பொடியில ஒரு குறையும் இல்லை தாயி. ஜனங்களுக்குத்தான் கண் அவிஞ்சு போச்சு.”

செருப்பை முழுதாய்க் கழற்றக்கூட இல்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார் சன்னாசி. பேரில் மட்டும்தான் சன்னாசி. கோபமோ அடுப்பில் விழுந்த மிளகாய்.

எஸ்தர் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

மலையடிவாரத்து அந்த ஊரில், கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய ஒற்றை அறை. கதவில் ஓர் அட்டை: ‘இங்கே டிசைன் செய்து தரப்பட மாட்டாது.’

அப்படியும் ஆட்கள் படியேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊறுகாய் போடுகிறவர்கள், ஊதுபத்தி உருட்டுகிறவர்கள், சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் அடித்தவர்கள். அவள் ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். அவர்கள் யோசித்துக்கொண்டே இறங்கிப் போய், தங்கள் லேபிளைத் தாங்களே செய்துகொள்வார்கள்.

அவளுக்கு முப்பத்தோரு வயது. சன்னாசிக்கு ஐம்பத்திரண்டு. மகள் வயதுக்காரியிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று இரண்டு மாதம் வீம்பாக இருந்தார்.

இப்போது வீம்புக்கு நேரமில்லை.

நூல்மில்லில் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி, உன் மூஞ்சியில் முழித்தால் நான் மனுசனே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர். வந்து, சுக்குமல்லிப் பொடி போட்டார். பத்து மாதம் ஆகிறது. பொடி மூட்டையாக வீட்டில் கிடக்கிறது. அந்த சூப்பர்வைசரே இப்போது ஆள் விட்டிருக்கிறான்: செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு வந்து என் முன்னால் நின்றால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆள்.

வீட்டில் பழைய காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் படியேறினார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் இருப்பது திங்கட்கிழமைச் சந்தை ஒன்றுதான்.

எவ்வளவு கேட்கிறாய், சொல் என்றார். அவள் எதுவும் வாங்குவதில்லை என்றாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. விலை சொல்லாத ஆளிடம் எங்கே பிடித்துப் பேரம் பேசுவது?

பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் பொத்தென்று வைத்தார். லேபிள் அவரே செல்போனில் செய்தது. ஏழு நிறம். ஓரத்தில் வெடிக்கிற நட்சத்திரம். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் கோப்பை.

“யாருண்ணே இது? மதினியா?”

“போன்ல ஓசியா வந்துச்சு.”

“குடிக்கிறது நம்ம பொடியா?”

“அவ எதைக் குடிச்சா நமக்கென்ன.”

எஸ்தர் பேரைப் படிக்க ஆரம்பித்தாள். ஸ்ரீ சஞ்சீவி சித்தர் தெய்வீக மூலிகை அமுத சுக்குமல்லி இயற்கை பானப் பொடி. பாதியில் நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தாள். சன்னாசிக்குக் காது சூடானது.

பிறகு அவள் விரல் அடிவரிக்குப் போனது. சிவப்பில், கொட்டை எழுத்தில்: போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.

“போலி எங்கே விக்குது?”

“எங்கேயும் விக்கலை.”

“பிறகு?”

எல்லாரும் போடுகிறார்கள், நானும் போட்டேன் என்றார். நாளைக்கே எவனாவது போட்டால்? முன்ஜாக்கிரதை வேண்டாமா? இதெல்லாம் யாபாரம் தாயி, உனக்குத் தெரியாது என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மலை உச்சியில் ஒரு மேகம் இறங்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

“அந்தப் போலியைக் கொண்டாங்க.”

“இல்லாததை எங்கேயிருந்து கொண்டு வர?”

“திங்கட்கிழமை சந்தை முழுக்கத் தேடுங்க. ஒரு பாக்கெட் போதும். அன்னைக்கு யாபாரம் பண்ண வேண்டாம். கேட்டுக்கிட்டு மட்டும் வாங்க.”

இருக்கிற ஒரே சந்தையையும் கெடுக்கிறாயா என்று கத்தினார். படியிறங்கும்போது கீழே பத்திரிகைக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

மாடியிலிருந்து குரல் வந்தது. “அண்ணே, அசலையும் கையில வச்சுக்குங்க. இல்லேன்னா போலியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

திங்கள் விடியலில் மலையே இறங்கி வந்து சந்தையில் உட்கார்ந்திருந்தது.

பனியா மேகமா, சொல்லத் தெரியவில்லை. நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போனது. கடைப் பலகைகள், பேனர்கள், ஃபிளெக்ஸில் சிரித்த முகங்கள் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. யாரோ ஊரை எழுதிப் பார்த்து, பிடிக்காமல் ரப்பரால் அழித்த மாதிரி இருந்தது.

வாசனைதான் வழி சொன்னது. பூண்டு வந்தால் பூண்டுக் கடை. கருவாடு வந்தால் கருவாட்டுக் கடை. எங்கோ ஒரு தராசுத் தட்டு, தண்ணீருக்கு அடியில் கிணுங்குவதுபோல் கிணுங்கியது.

சன்னாசி பொடியை ஒரு சம்படத்தில் அடைத்து, இறுக மூடி, இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். யாபாரம் பண்ண அவருக்கும் மனசில்லை. இந்த வெள்ளையில் ஏழு நிற லேபிளை எவன் பார்க்கப் போகிறான்? போலி இல்லை என்று நிரூபித்துவிட்டு, அந்தப் பொண்ணை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறு வேலை.

பூண்டு வாசனையைப் பார்த்துக் கேட்டார், சஞ்சீவி சித்தர் பொடிக்குப் போலி ஏதும் இங்கே விற்கிறதா என்று.

“அசலையே பார்த்ததில்லையே சாமி. போலி எப்படித் தெரியும்?” என்றது பூண்டுக்காரம்மாவின் குரல்.

சுருக்கென்று ஏறியது அவருக்கு. சம்படத்தைத் திறந்து குரல் வந்த திசையில் நீட்டினார். யாரோ ஆழமாக மூச்சிழுப்பது கேட்டது.

“இதுல என்ன போட்டிருக்கீக?”

என்ன போட்டிருக்கிறேன் என்று கேள், என்ன போடவில்லை என்று கேள் என்று பிடித்துக்கொண்டார். சுக்கை ஒடித்தால் சத்தம் வர வேண்டும். நார் தொங்கினால் அது சுக்கில்லை, விறகு. மல்லி கருகக் கூடாது. கருப்பட்டியை நான் கலக்கவே மாட்டேன், அது உங்கள் வீட்டு வேலை. எல்லாவற்றையும் நானே போட்டால் நீ அடுப்படியில் எதற்கு நிற்கிறாய்? கோதுமை மாவைக் கலக்கிறவன் கையை முறிக்க வேண்டும்.

ஒரு கை நீண்டது. உள்ளங்கை மட்டும் தெரிந்தது. ஒரு சிட்டிகை வைத்தார்.

அடுத்த கடையிலும் அதே கேள்வி. அதே பதில். அதே கோபம். அதே சிட்டிகை.

தொண்டை கட்டின லாரி டிரைவர் ஒருவர் நாக்கில் வைத்துக்கொண்டு, போலியே இப்படி என்றால் அசல் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டார். நீர் தின்றதுதான்யா அசல் என்று சன்னாசி போட்ட சத்தத்தில் பனிகூட ஒதுங்கியிருக்கும்.

எவ்வளவு நேரம் நடந்தார் என்று தெரியவில்லை. கால் தரையில் பாவியதாகவே நினைவில்லை. முகம் இல்லாத ஜனங்கள். உள்ளங்கைகள் மட்டும் வெள்ளையிலிருந்து பூத்துப் பூத்து மறைந்தன.

ஒரு சந்தில் திரும்பும்போது, அவர் சொன்னதையே யாரோ யாருக்கோ சொல்வது கேட்டது.

“ஒடிச்சா சத்தம் வரணுமாம்.”

“யாரு சொன்னது?”

“தெரியலை. குரல்தான் வந்துச்சு.”

தன் தூக்கத்துக்குள் தானே நடப்பதுபோல் இருந்தது சன்னாசிக்கு.

உச்சிப் பொழுதில் வெயில் வந்தது. பனி போன இடத்தில் சந்தையும் பாதி போயிருந்தது. சம்படம் காலி. போலி கிடைக்கவில்லை. ஒரு பாக்கெட்டும் விற்கவில்லை.

விடிந்தால் செவ்வாய்.

படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

“ஒரு போலியும் இல்லை. போதுமா? ஊரே என்னைப் பைத்தியக்காரனா பார்த்துச்சு. நாளைக்குக் காக்கியை மாட்டிக்கிட்டு அந்தப் பய முன்னால கை கட்டி நிக்கப் போறேன். நல்லாப் பாடம் சொன்னே தாயி.”

எஸ்தர் அவருடைய செல்போனை மட்டும் கேட்டு வாங்கி, அந்த லேபிளைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

படியில் காலடிச் சத்தம். வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் பை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் எஸ்தரைத்தான் கேட்டாள்.

“ஏக்கா, கோவக்காரர் சுக்கு இங்கேதான் கிடைக்கும்னாக. சம்படத்தோட ஒரு ஆளு இந்தப் படியேறுனதாச் சொன்னாக.”

சன்னாசி நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

“எவன் கோவக்காரன்? எவன் சொன்னது?”

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் முகம் மலர்ந்தது.

“இந்தக் குரல்தான்,” என்றாள். படிக்கட்டில் குனிந்து கீழே சொன்னாள், “ஏய், இருக்காரு. எல்லாரும் மேல வாங்க.”

சன்னாசி கழுத்தை நீட்டிப் படிக்கட்டைப் பார்த்தார்.

எஸ்தர் செல்போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நீளமான பேரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். ரொம்ப நேரம் பிடித்தது. படி முழுக்க ஆட்கள்.

வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பையோடு நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பேரு சொன்னே தாயி? மெதுவாச் சொல்லு. எழுதிக்கிறேன்.”