அடிக்காத காலிங்பெல்

தாசில்தார் நல்லபெருமாள் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய அதட்டல்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“மூணு மாசமா காலிங்பெல் அடிக்கல. இன்னைக்குள்ள சரிபண்ணலேன்னா இந்தத் தெருவுல உனக்கு வேலையே கிடையாது!” என்று எலெக்ட்ரீஷியன் செபஸ்தியானிடம் பாய்ந்தார்.

செபஸ்தியான் பட்டனை அழுத்தினான். வீடே அதிர்ந்தது.

“அப்புறம் ஏன்டா அடிக்கல?”

“கோளாறு வேற இடத்துலங்கய்யா.” கேட்டிலிருந்த பலகையைக் கழற்றி நீட்டினான். ‘நன்கொடை, சிபாரிசு, உறவுமுறை எதற்கும் பெல் அடிக்காதீர்.’ மூன்று மாதம் முன்பு அவர் சொல்லி அவனே மாட்டிய பலகை.

தாசில்தாரின் சுருதி இறங்கியது. “என் தம்பி சாகிறதுக்கு முன்னாடி ஒருதரம் எட்டிப் பார்க்கலியேடா. அந்தக் கோபத்துல நான் சாவுக்கும் போகலியே.”

“வந்தாருங்கய்யா. எதிர்வீட்டுல வேலையா இருந்தப்போ பார்த்தேன். இதைப் படிச்சுட்டுத் திரும்பிட்டாரு.”

ஒரு குரல் கொடுத்து நிறுத்தியிருக்கலாம். அன்றைக்குச் செபஸ்தியானும் வாய் திறக்கவில்லை.