போடிமெட்டுக்கு நேராகப் போன வண்டி

போடியில் அமீர் மெக்கானிக் கடையில் என் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டர் பஞ்சருக்காக லூர்து டீச்சரும் காத்திருந்தார். அப்போது எங்கள் தெரு மொக்கராசு அண்ணன் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நேற்றுத்தான் வாங்கினாராம். இன்று கிளம்பவில்லையாம். அமீர் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

“இப்பத்தான் பழகுறீங்களாண்ணே?” என்று டீச்சர் கேட்டதுதான் தப்பு.

“பழகுறதா? என் தங்கச்சி கல்யாணத்தைக் காப்பாத்துனதே இந்த மாதிரி ஒரு வண்டிதான் டீச்சர். மலை மேல போடிமெட்டுக் கோயில்ல கல்யாணம். எல்லாரும் வேன்ல போயிட்டாங்க. தாலி வீட்டு சாமி ரூமுல இருக்கு. முகூர்த்தம் முடிய அரை மணி நேரம். பக்கத்து வீட்டுல அந்த வண்டி நிக்குது. எனக்கு சைக்கிள்கூடத் தெரியாது.”

“அப்புறம்?”

“பெட்ரோல்ல ஆயில் கலக்கணும்னாங்க. என்ன ஆயில்னு சொல்லல. நல்லெண்ணெயை ஊத்துனேன். நாப்பதாவது உதையில கிக்கர் என்னையத் திருப்பி உதைச்சது பாருங்க, காம்பவுண்டுச் சுவத்தைத் தாண்டிப் போயிட்டேன். கீழ வந்து விழுறப்ப சீட்டு மேலதான் விழுந்தேன். வண்டி அதுக்குள்ள செகண்ட் கியர்ல போய்க்கிட்டிருக்கு. புகை வாசத்துக்கு ஊரே தட்டைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துருச்சு.”

“மெட்டுக்குப் பதினேழு வளைவாச்சே. எப்படித் திருப்புனீங்க?” என்றேன்.

“திருப்பத் தெரியாதுப்பா. நேராப் போனேன். ஒரு ரோட்டுல இருந்து மேல் ரோட்டுக்கு அப்படியே எகிறி எகிறி.”

டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

“பாதி மலையில பிளக்கு அடைச்சிருச்சு. கழட்டுனா ஒரே கரி. உப்புத்தாள் கிடையாது. ஒரு காட்டுமாடு வந்துச்சு. அது நாக்கு உப்புத்தாளை விட சொரசொரப்பு. நீட்டுனேன், நக்கிக் குடுத்துச்சு.”

“பிளக்கு கொதிக்குமேண்ணே?” அமீர் வண்டியிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான்.

“அதனாலதான் ஊதி ஊதி நக்குச்சு.”

அண்ணன் அதே முகத்தோடு தொடர்ந்தார்.

“கோயிலுக்குப் போய்ச் சேந்தேன். முகூர்த்தம் முடிய ரெண்டு நிமிஷம். தங்கச்சி அழுதுக்கிட்டிருக்கா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா பிரேக்கு எதுன்னு தெரியல. கோயிலைச் சுத்த ஆரம்பிச்சேன். முதல் சுத்துல மாப்பிள்ளை கையில தாலியக் குடுத்தேன். ரெண்டாவது சுத்துல அவரு கட்டிட்டாரு. மூணாவதுல அட்சதை போட்டேன். நாலாவதுல சாம்பார், அஞ்சாவதுல ரசம், ஆறாவதுல பாயாசம்.”

“இலையில உக்காராமயா?”

“இலையத் தொடையில விரிச்சுக்கிட்டேன் டீச்சர்.”

“எப்பத்தான் நின்னுச்சு?”

“தங்கச்சி மகனுக்கு அதே கோயில்ல காது குத்துனாங்க. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? ஓடுற வண்டியிலேயே வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். ஆசாரி பின்னாடியே ஓடி வந்து குத்துனாரு. வலது காது ஒரு சுத்து, இடது காது ஒரு சுத்து. அன்னைக்குத்தான் பெட்ரோல் தீந்துச்சு.”

அமீர் எழுந்து பழைய துணியில் கையைத் துடைத்தான்.

“அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. பெட்ரோல் டேப்பத் தொறக்கவே இல்ல நீங்க.”

டேப்பைத் திருப்பி ஒரே உதை உதைத்தான். வண்டி படபடவென்று உயிர் பெற்றது. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அமீரின் காதருகே குனிந்தார். வண்டிச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

“தம்பி, இதுல கிளட்ச்சு எந்தக் கை?”