அணையத் தெரியாத விளக்கு

முன்னொரு காலத்தில், தூத்துக்குடிக் கடலில் முக்குளிக்கும் இன்னாசியின் பைக்குள் இரண்டு விளக்குகள் குடியிருந்தன.

பெரியது எச்ஐடி விளக்கு. கண்ணாடிக் குமிழில் அடைத்த வாயுவுக்குள் மின்பொறி பாய்ந்து எரிகிற சாதி. ஏற்றியவுடன் வெளிச்சம் வராது. முதலில் நீலம் பூக்கும், மெல்ல வெளுக்கும், பிறகுதான் முழுதாக எரியும். எரிந்துவிட்டாலோ அதன் ஒளி ஈட்டிபோல நேரே போய்த் தூரத்துப் பாறையில் குத்தி நிற்கும். ஒருமுறை அணைத்தால் மட்டும், சூடு ஆறும்வரை என்ன செய்தாலும் திரும்ப எரியாது. அதனால் இன்னாசி தண்ணீருக்கடியில் அதை அணைப்பதே இல்லை. வெளிச்சம் வேண்டாத நேரத்தில் நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொள்வான்.

சின்னது எல்இடி விளக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும். சொடுக்கினால் எரியும், சொடுக்கினால் அணையும், தணித்தால் தணியும். கை தவறி விழுந்தாலும் உடையாது.

பெரியதுக்கு அதன்மேல் கொஞ்சம் இளக்காரம்.

“நீ விளக்கா, கண்ணிமையா? மூடுறே, திறக்கிறே. நான் ஏத்தினா ஏத்தினதுதான். தண்ணிக்குள்ள ஒருநாள் அணைஞ்சதில்ல.”

சின்னதுக்குக் கோபம் வரவில்லை. “நிசந்தான் அண்ணே. நீங்க தொடுற தூரத்த நான் கனவுலயும் தொட்டதில்ல” என்றது. அது முகத்துக்காகச் சொன்ன பேச்சல்ல. பெரியதின் ஒளிக்கோட்டில் மீன்கள் வெள்ளிக்காசாய் மினுங்குவதை ஒவ்வொரு தடவையும் அது வாய்பிளந்து பார்க்கும்.

ஒருநாள் ஒரு தோணியின் நங்கூரம் கயிறறுந்து பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் தர இன்னாசியும் அவன் மனைவியின் தம்பி தொம்மையும் போனார்கள். தொம்மையின் மணிக்கட்டிலும் ஒரு சிறு பச்சை விளக்கு தொங்கியது.

படகு விளிம்பில் உட்கார்ந்து இன்னாசி பெரிய விளக்கை ஏற்றினான். அது நீலம் பூத்து நின்றது.

“மச்சான், இது எரிஞ்சு வாறதுக்குள்ள ஒரு வெத்தல போட்டுத் துப்பிரலாம் போல” என்றான் தொம்மை.

“நீ துப்பு மாப்ள. எரிஞ்ச பொறவு வாயப் பொளந்துட்டு நிக்கப் போறது நீதான்.”

“நான் வாயப் பொளந்தா தண்ணிதான் உள்ள போவும். அக்கா ஒம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவா.”

முதுகில் காற்று உருளையோடு, சிரித்துக்கொண்டே இருவரும் குதித்தார்கள்.

கீழே பார் ஓர் இடத்தில் கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பகல் எட்டவில்லை. பெரிய விளக்கு தன் ஈட்டியை நீட்டியது. தூரத்து மூலையில் நங்கூரத்தின் ஒரு கொம்பு தெரிந்தது.

“ஆகா, அண்ணே!” என்றது இன்னாசியின் தோளில் கிடந்த சின்னது.

நங்கூரத்தில் கயிறு கட்டினார்கள். படகிலிருந்தவர்கள் மேலேயிருந்து இழுத்தார்கள். நங்கூரம் பிடுங்கிக்கொண்டு போனது. கூடவே அடியில் படிந்திருந்த சேறெல்லாம் கிளம்பியது. நாலாபுறமும் கலங்கல். இன்னாசி திரும்பிப் பார்த்தான். தொம்மையைக் காணவில்லை.

பெரிய விளக்கை அந்தப் பக்கம் திருப்பினான். வெள்ளைச் சுவர். இந்தப் பக்கம் திருப்பினான். அங்கேயும் வெள்ளைச் சுவர். ஒளி சேற்றில் மோதி அவன் கண்ணிலேயே திரும்பி விழுந்தது. தொம்மையின் உருளையில் காற்று கொஞ்சந்தான் மிச்சம். அது இன்னாசிக்குத் தெரியும்.

“இன்னும் எரியிறேன். இருக்கிறதெல்லாம் எரியிறேன்” என்று பெரிய விளக்கு பதறியது.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்றது சின்னது. “அவன் கையிலயும் ஒரு விளக்கு இருக்கு. அது சிறிசு. நம்ம வெளிச்சம் இருக்கிறவரைக்கும் அது தெரியாது.”

இன்னாசிக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். வழக்கப்படி பெரிய விளக்கை நெஞ்சோடு பொத்தினான். விரலிடுக்கில் கசிந்த வெளிச்சமே போதுமானதாக இருந்தது. கலங்கல் முழுதும் பால்போல் வெளுத்தது.

அப்போது பெரிய விளக்குக்குப் புரிந்தது. சுவர் சேற்றால் ஆனதல்ல. தன்னால் ஆனது.

இன்னாசியின் கட்டைவிரல் பொத்தானுக்கு வந்து தயங்கி நின்றது. இனி மேலே போகும்வரை இந்த விளக்கு இல்லை.

“அமுக்கு” என்றது பெரிய விளக்கு. மனிதனுக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் அமுக்கினான்.

சின்னது எரியவே இல்லை. காத்திருந்தது.

மை இருட்டு. வலப்பக்கம் ஒன்றுமில்லை. எதிரே ஒன்றுமில்லை. இடப்பக்கம், கீழே, சாம்பலுக்குள் கிடக்கும் கங்குபோல ஒரு மங்கல் பச்சை. இங்கும் அங்குமாக ஆடியது. ‘ஆபத்து, வா’ என்பதற்கு முக்குளிப்பவர்கள் விளக்கை அப்படித்தான் ஆட்டுவார்கள்.

“இப்ப நீ போ” என்றது பெரியது.

சின்னது தன்னைத் தணித்துக்கொண்டு எரிந்தது. சேறு வெளுக்காத அளவுக்கு. சற்று போனதும் அணைந்து, பச்சையைப் பார்த்து, மறுபடி எரிந்தது. எரிந்தும் அணைந்தும் அது வழி கண்டுபோன லாவகத்தை, இடுப்பில் கிடந்த பெரிய விளக்கு கவனித்தது. இமை என்று ஏளனம் செய்தோமே, இமை இருப்பதால் அல்லவா அது கண் என்று நினைத்தது.

தொம்மையின் கால் பழைய வலையொன்றில் சிக்கியிருந்தது. இன்னாசி கத்தியால் அறுத்தான். தன் காற்றைப் பகிர்ந்து கொடுத்து மேலே கூட்டி வந்தான்.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றினார்கள். பிறகு தொம்மை இருமிக்கொண்டே கேட்டான்.

“ஒம்ம சூரியன் எங்க மச்சான்?”

“அணைச்சிட்டேன்.”

தொம்மை அந்த விளக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கண்ணாடியில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் சட்டையால் துடைத்தான். அது இன்னும் சுட்டது.

இரண்டு விளக்குகளையும் பையில் வைத்து மூடிய பிறகு சின்னது மெல்லக் கேட்டது:

“அவ்வளவு நேரம் எரியாம இருந்தீங்களே, என்ன அண்ணே செஞ்சீங்க?”

பெரிய விளக்கு சொன்னது:

“முதல்தடவையா கடலைப் பார்த்தேன்.”