தலைவர் கேட்ட உறை

குமாரபாளையம் ரத்ததானச் சங்கத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள் செண்பகவல்லி. உறுப்பினர்கள் தங்கள் நோய்நொடிகளைக்கூடச் சங்கத்தின் இணையதளத்தில் பதிந்துவந்தார்கள். அதெல்லாம் தளத்தைச் சேரும் வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே போய்க்கொண்டிருந்தது. இனிமேல் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து சொன்னாள்.

தலைவர் அரங்கசாமி ஓய்வுபெற்ற தாசில்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நம்மகிட்ட என்ன ராணுவ ரகசியமா இருக்கு? கம்ப்யூட்டர் பாஷை ஒரு வார்த்தை பேசாம எனக்குப் புரியவை. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

சபை கொல்லென்று சிரித்தது. செண்பகவல்லி மேசையில் கிடந்த ஒரு தபால் கார்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, உங்களுக்கு இருக்கிற வியாதியெல்லாம் இதுல எழுதுங்க. கடைசி வரிசையில இருக்கிற டாக்டர் ஐயாவுக்கு ஒவ்வொருத்தர் கையா மாறிப் போய்ச் சேரட்டும்."

தலைவர் பேனாவைத் திறந்தார். எதிரே இருந்த நூறு முகங்களையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு உறை இருந்தா கொடும்மா" என்றார்.

"அந்த உறையைத்தாங்க ஐயா நானும் கேட்கிறேன்."

தலைவரே முதலில் கைதட்டினார். தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு அன்றே செண்பகவல்லியின் கைக்கு வந்தது.