குதிரை லாயத்துக் குளிர்

உடுமலைப் பக்கம் ராக்கியப்பன் வாய் திறந்தால், எதிரில் இருப்பவர்கள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். அன்றைக்கு அவருக்கு அந்தப் பாதியும் வேண்டியிருந்தது. அவரும் மச்சினன் நாச்சிமுத்துவும் கூட்டாகக் கோழிப்பண்ணை போடுவதாகப் பேச்சு. அதற்காகத் தோட்டத்து மேட்டில் நிற்கும் பழைய செங்கல் குதிரை லாயத்தை இடிக்க, நாச்சிமுத்து பொக்லைனையே கூட்டி வந்துவிட்டான். ராக்கியப்பன் மத்தியானம் கட்டில் போட்டுத் தூங்குவது அந்த லாயத்தில்தான். அதில் ஒரு கல்லை உருவினாலும் அவருக்கு உயிரே போய்விடும். வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம், ஆனால் நேராகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“தம்பி, கை வெக்கறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்கங்க,” என்றார் டிரைவர் திருமூர்த்தியிடம். “இது எங்க அப்பாரு கட்டுனது. காரைக்குச் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளை. எத்தனை முட்டைங்கறீங்க? தாராபுரம் வரைக்கும் அந்த வருசம் ஒரு கோழி குஞ்சு பொரிக்கலை. சனம் பூராவும் மஞ்சக்கருவாத் தின்னு, காமாலை வந்தாப்புலத் திரிஞ்சுச்சு.”

“சரிங்ணா,” என்று திருமூர்த்தி சாவியைத் திருகப் போனார்.

“பொறுங்க. செவுத்து அகலத்தைப் பாருங்க. கட்டி முடிச்சப்பறந்தான் தெரிஞ்சுது, கொத்தனாரு ஒருத்தர் செவுத்துக்குள்ளயே நின்னுட்டாரு. வழி கண்டுபிடிச்சு வெளிய வர்றதுக்குள்ள அவரு மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சுபோச்சு.”

நாச்சிமுத்து கொட்டாவி விட்டான். “சோத்துக்கு என்ன பண்ணுனாருங் மாமா?”

“கருப்பட்டிக் காரைதானே மாப்ளே? நக்கிக்கிட்டே வந்தாரு.”

திருமூர்த்தி சிரித்துவிட்டார். அவர் கை சாவியை விட்டு இறங்கியதும் ராக்கியப்பனுக்குத் தெம்பு வந்தது. இனி அவரைப் பிடிக்க முடியுமா?

“அந்த வளைவுக்கடியில எங்க வெள்ளைக் குதிரை ஒரு கனைப்புக் கனைச்சுது. குதிரையை வித்து, அது போன ஊர்ல செத்தும் போச்சு. கனைப்பு மட்டும் இங்கயே சுத்திக்கிட்டுக் கிடந்துச்சு. அதுக்குக் கொள்ளு வெக்கறதா வேண்டாமான்னு எங்க அப்பாரு தவிச்சுப் போயிட்டாரு. அதை விடுங்க, செவுத்துல அந்த ஓட்டைகளைப் பாருங்க. அனல் காத்து அதுல நுழைஞ்சா, உள்ள வர்றப்பவே நடுங்கிக்கிட்டு வரும். போன கத்திரி வெயில்ல மோரு கொண்டுபோயி வெச்சேன். கல்லாட்டம் உறைஞ்சுபோச்சு. கடப்பாரையில உடைச்சுத்தான் குடிச்சேன்.”

நாச்சிமுத்துவின் கொட்டாவி பாதியில் நின்றது. போன வெயிலில் அவனுடைய தகரக் கொட்டகையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்திருந்தன. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. லாயத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

“மாமா சொல்றதுல முக்காலும் புளுகு. ஆனா உள்ள சிலுசிலுன்னுதான் இருக்குது. வண்டியைத் திருப்பிக்கங்க தம்பி, இடிக்க வேண்டாம்.”

ராக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சினனைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார்.

“நாளைக்கே கோழிகளை இதுலயே உட்டுடலாமுங் மாமா.”

விரித்த கை அப்படியே நின்றது. “ஐயோ மாப்ளே, இந்தக் குளிரைக் கோழி தாங்காது. ஒவ்வொண்ணுக்கும் கம்பளி போத்தோணும்.”

“அதுக்குத்தானுங் மாமா கோழிக்கு றெக்கை இருக்குது,” என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்து அவருடைய கட்டிலை வெளியே இழுத்துப் போட்டான்.